எங்கட தாளத்துக்கு நாலு கோடு காணாது

கம்பஸில் அஞ்சு பேர் சேர்ந்து நாடகம் போடப்போறம் என்று சொன்னால் ஒருத்தரும் ஏன் என்று கேட்கிறதில்லை. கவிதைப் புத்தகம் போடப்போறம் என்றால் வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் எடுத்துத் தரவும் ஆள் இருக்கு. குறும்படம் என்றால் கமெரா தேடித் தருவினம். அதே அஞ்சு பேர், "நாங்கள் இசையை வைச்சு ஒரு வீடியோ கேம் செய்யப்போறம்" என்று சொல்லிப் பாருங்கோ. மூன்று விதமான பதில் வரும்.

முதலாவது: "அது ஐ.ரி. பெடியளின்ர வேலையெல்லோ, ஆர்ட்ஸ் ஃபக்கல்ற்றிக்கு என்னத்துக்கு?"

இரண்டாவது: "விளையாடி நாசமாப்போனது காணாதெண்டு இப்ப செய்யவும் வெளிக்கிட்டாச்சோ?"

மூன்றாவது கொஞ்சம் அன்பானது: "சூப்பர் மச்சான்! பறையை வைச்சு ஒரு கிட்டார் ஹீரோ செய்யுங்கோ. வெளிநாட்டில இருக்கிற எங்கட சனம் விழுந்து விழுந்து வாங்கும்."

முதல் இரண்டு ஆக்களோடும் எனக்குப் பெரிய சண்டை இல்லை. அவர்களுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லலாம். என்ர சண்டை எங்களைத் தோளில் தட்டி உற்சாகப்படுத்துகிற அந்த மூன்றாவது ஆளோடுதான்.

முதலாவது ஆளுக்கு: இசை விளையாட்டுகளை ஆர் செய்தது என்று ஒருக்கால் பாருங்கோ. 1996 இல் ஜப்பானில் வெளிவந்த 'பரப்பா த ரப்பர்' தான் இந்த வகைக்கு முன்னோடி. அதைச் செய்த மசாயா மட்சூரா அதற்கு முன்னம் ஒரு பாட்டுக் குழுவில் இருந்த இசைக்காரர். 2016 இல் வந்த 'தம்பர்' இரண்டே இரண்டு பேர் ஏழு வருசமாகச் செய்தது. அதில் ஒருவர் ஒரு ரொக் குழுவில் பாஸ் கிட்டார் வாசிப்பவர். 2018 இல் வந்த 'பீற் சேபர்' செக் குடியரசில் மூன்று பேர் தொடங்கினது, மூன்றாமவர் இசையமைப்பாளர். 2020 ஒக்டோபரில் 'லுடும் டேர்' என்ற போட்டிக்காக (இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு கேமை முடிக்கவேணும்) நாலு நண்பர்கள் 'பிரைடே நைற் ஃபங்கின்' செய்தார்கள். அந்த நாலு பேரில் புரோகிராம் எழுதினவர் ஒருவர்தான். இரண்டு பேர் படம் கீறினவை. ஒருவர் இசை. அடுத்த வருசம் அதைப் பெரிதாக்க 60,000 டொலர் வேணும் என்று சனத்திடம் கேட்டார்கள். 20 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. புரோகிராம் இல்லாமல் கேம் இல்லைத்தான். ஆனால் ஆர் ஆடுறது, எந்தத் தாளத்துக்கு ஆடுறது, ஏன் ஆடுறது என்ற கேள்விக்குப் புரோகிராம் பதில் சொல்லாது. அது ஆர்ட்ஸ்காரரின் வேலை. நாங்கள் அதைச் செய்யாவிட்டால் வேற ஆரோ எங்களுக்காகச் செய்வார்கள், எங்களைக் கேட்காமலே.

இரண்டாவது ஆளுக்கு: ஹொஸ்டலில் விடிய விடிய பப்ஜி அடிக்கிற பட்ச் எங்கட பட்ச். அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கேமைத் தானே செய்து பார்க்கிறவன், அடுத்த முறை விளையாடும்போது "இந்த இடத்தில ஏன் என்னைக் காசு கட்டச் சொல்லுறான், ஏன் இன்னும் ஒரு ரவுண்ட் அடிக்கத் தோணுது" என்று கேட்கத் தொடங்குவான். நாவல் எழுதிப் பார்த்தவன் நாவலை வேறமாதிரி வாசிப்பான்தானே? அதுபோலத்தான் இதுவும்.

சரி, இனி மூன்றாவது ஆள்.

கிட்டார் ஹீரோ எண்டால் என்ன?

2005 இல் வந்த 'கிட்டார் ஹீரோ' ஒரு நல்ல விளையாட்டு. அதை நான் குறை சொல்லவில்லை. திரையில் ஒரு ரோட்டு. ரோட்டில் கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் நிறப் புள்ளிகள் உங்களை நோக்கி உருண்டு வரும். புள்ளி உங்கட கிட்ட வந்து சேருகிற அந்த நொடியில் அதற்குரிய பட்டனை அழுத்தவேணும். நேரத்துக்கு அழுத்தினால் புள்ளி. பிந்தினால், முந்தினால் மிஸ். மிஸ் கூடினால் பாட்டு நிற்கும். 1997 இல் வந்த 'பீற்மேனியா', 1998 இல் காலால் மிதிச்சு ஆடுற 'டான்ஸ் டான்ஸ் ரெவலூஷன்', 2001 இல் ஜப்பானிய மேளத்தை வைத்து வந்த 'தைக்கோ நோ தட்சுஜின்' எல்லாவற்றுக்கும் எலும்புக்கூடு இதுதான். கோடு கூடும் குறையும், புள்ளி வரும் பக்கம் மாறும், அவ்வளவுதான்.

இந்த எலும்புக்கூட்டுக்குள் ஒரு நம்பிக்கை இருக்கு. பாட்டு ஏற்கனவே முடிஞ்சுபோன ஒன்று. எங்கேயோ ஒரு ஸ்ரூடியோவில் ஆரோ வாசிச்சு, ரெக்கோர்ட் பண்ணி, பூட்டி வைத்தாச்சு. நீங்கள் அதற்குக் கீழ்ப்படியவேணும். நல்லாக் கீழ்ப்படிகிறவன் நல்ல கலைஞன். ரேடியோவில் கேட்டுப் பழகின ஒரு ரொக் பாட்டுக்கு இது பொருந்தும். அந்தப் பாட்டை எல்லாருக்கும் தெரியும், அதற்குள் தாங்களும் நிற்கிறமாதிரி ஒரு சந்தோசம் வரும்.

ஆனால் முன்னோடியான 'பரப்பா'வில் கதை வேறமாதிரி இருந்தது என்பதைக் கவனியுங்கோ. அதில் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னால் நீங்கள் தப்பிப் பிழைக்கலாம். ஆனால் தாளத்தை விடாமல் உங்கட பாட்டில் கொஞ்சம் விலகி, கூட்டிக் குறைச்சுச் சொன்னால் அதற்குத்தான் பெரிய பரிசு. அதாவது, விலகுறதிலும் இசை இருக்கு என்று அந்த விளையாட்டுக்குத் தெரிந்திருந்தது. பிறகு வந்த பெரும்பாலான விளையாட்டுகள் அந்தப் பகுதியை எறிஞ்சுபோட்டு, கீழ்ப்படிகிற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டன. விக்கிறதுக்கு அது லேசு.

இப்ப மட்டக்களப்புக் கூத்துக் களரியை நினைச்சுப் பாருங்கோ. அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்கிறார். சல்லரி ஒருவரிடம். பிற்பாட்டுக்காரர் பக்கத்தில். அரசன் வரவுக்கு ஒரு தாளக்கட்டு, மந்திரிக்கு இன்னொன்று, பெண் பாத்திரத்துக்கு வேறொன்று. வரவு ஆட்டம் முடிகிற நேரத்தை முன்கூட்டியே ஆரும் எழுதி வைக்கிறதில்லை. ஆடுகிறவனின் காலைப் பார்த்துத்தான் மத்தளம் போகும். அவன் களைச்சால் அண்ணாவியார் இழுத்துப் பிடிப்பார். அவன் உசாரா நின்றால் ஏத்தி விடுவார். விடிய விடிய நடக்கிற ஒரு கூத்தில் நடுச்சாமத்துத் தாளமும் விடியப்புறத் தாளமும் ஒரே வேகத்தில் இருக்க முடியுமா? அங்கே தாளம் ஒரு உரையாடல். ஆடுகிறவன் கேள்வி கேட்பான், மத்தளம் பதில் சொல்லும், சிலவேளை மத்தளம் கேட்கும், கால் பதில் சொல்லும்.

இதை எடுத்து நாலு கோட்டில் உருண்டு வருகிற புள்ளியாக மாற்றினால் மிஞ்சுறது என்ன? மத்தளத்தின் படம் மட்டும்தான். சத்தம் இருக்கும், தோல் இருக்கும், உரையாடல் இருக்காது. அண்ணாவியாரை எடுத்துப்போட்டு ஒரு மெசினை அந்த இடத்தில் நிப்பாட்டி, அதற்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரி. "எங்கட பாரம்பரியம் டிஜிட்டலுக்கு வந்திட்டுது" என்று பேஸ்புக்கில் போட்டு லைக் வாங்கலாம். ஆனால் வந்தது பாரம்பரியம் இல்லை, அதின்ர உடுப்பு.

'தைக்கோ'வைக் காட்டி ஒரு நண்பர் என்னோடு வாதாடினார்: "ஜப்பான்காரன் தன்ர மேளத்தை வைச்சு அதே முறையில செய்யேல்லையோ?" செய்தான்தான். அதில் ஒரு நல்ல விசயமும் இருக்கு. மேளத்தின் நடுவில் அடிச்சால் 'தொன்', விளிம்பில் அடிச்சால் 'கா'. மேளக்காரர் வாயால் சொல்கிற சொல்லையே விளையாட்டின் மொழியாக்கியிருக்கிறார்கள். எங்களிடமும் தகிட, தகதிமி என்று வாய்ச்சொல் இருக்கு. மூன்றும் நாலும் சேர்ந்து ஏழாகிறதை எங்கட வாய் கணக்கில்லாமல் சொல்லும். அதை எடுக்கலாம், எடுக்கவேணும். ஆனால் அங்கேயும் அந்த மேளம் பெரும்பாலும் அடிபடுறது ஏற்கனவே பூட்டி வைச்ச ஒரு பொப் பாட்டுக்குத்தான். அந்த இடத்தையும் சேர்த்துக் கொப்பியடிக்க எங்களுக்கு என்ன கட்டாயம்?

மில்லிசெக்கன்டுக்குள் இருக்கிற அரசியல்

இது வெறும் தத்துவம் என்று நினைக்கவேண்டாம். புரோகிராமின் ஒவ்வொரு வரியிலும் இந்தக் கேள்வி வரும்.

எங்கட குழுவில் அஞ்சு பேர். நாடகமும் அரங்கியலும் படிக்கிற ஒருத்தி, மொழியியல் படிக்கிற ஒருவன், படம் கீறுகிற ஒருத்தி, வேற பீடத்தில் இருந்து வந்த புரோகிராம் தெரிஞ்ச ஒருவன், தமிழ் படிக்கிற நான். கன்டீன் மேசையில்தான் முதல் வடிவத்தைச் செய்தோம். கொம்பியூட்டர் இல்லை. ஒருத்தி எழும்பி நின்று ஆடினாள், ஒருவன் மேசையில் தட்டினான், மற்றவர்கள் விதிகளைத் துண்டில் எழுதினோம். எந்த விதி ஆடுகிறவளுக்குச் சரிவந்தது, எது அவளை மெசின் ஆக்கினது என்று ஒரு பின்னேரத்துக்குள் விளங்கிப்போச்சு. காசு செலவில்லை. ரீயும் வடையும் மட்டும்தான்.

பிறகு ஒரு அண்ணாவியாரிடம் போய், அவர் சம்மதிச்சு அடிச்ச மத்தளத்தைப் போனில் ரெக்கோர்ட் பண்ணிக்கொண்டு வந்தோம். அதை லப்டொப்பில் 'ஓடாசிற்றி'யில் போட்டு, சமமான இடைவெளியில் கோடு கீறிப் பார்த்தால், அவருடைய அடி பல இடத்தில் கோட்டுக்கு வெளியே. ஆனால் காதால் கேட்டால் ஒரு பிழையும் இல்லை. இப்ப ஒரு கேள்வி: பிழை அடியிலா, கோட்டிலா? இசைச் சொஃப்ட்வெயார் பலவற்றில் அடியைப் பிடிச்சு இழுத்துக் கோட்டில் வைக்கிற ஒரு பட்டன் இருக்கு. அழுத்தினால் 'சுத்தம்' ஆகிவிடும். கேட்டுப் பாருங்கோ, மத்தளம் செத்துப்போயிருக்கும்.

தாள விளையாட்டில் 'பேர்ஃபெக்ற்', 'குட்', 'மிஸ்' என்று தீர்ப்புச் சொல்கிறது ஒரு எண். நிமிசத்துக்கு 120 அடி என்றால் அடிக்கும் அடிக்கும் இடையில் 500 மில்லிசெக்கன்ட். அதில் சில பத்து மில்லிசெக்கன்ட் முந்தினாலும் பிந்தினாலும் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் மிஸ் என்று எங்கேயோ ஒரு வரியில் எழுதவேணும். அந்த எண்ணை எழுதுகிறவன்தான் எது தாளம், எது பிழை என்று தீர்மானிக்கிறான். அண்ணாவியாரையே உட்கார வைத்து விளையாடச் சொன்னால் அவருக்கு 'மிஸ்' போடுகிற ஒரு விளையாட்டை, அவருடைய கலையைப் பாதுகாக்கச் செய்தோம் என்று எந்த வாயால் சொல்லுறது?

அதோடு, எங்கட சனத்தின் கையில் இருக்கிறது விலை குறைஞ்ச அன்ட்ரொயிட் போன். தட்டின நேரத்துக்கும் சத்தம் வருகிற நேரத்துக்கும் இடையில் ஒரு தாமதம் இருக்கும். புளூடூத் ஹெட்செட் போட்டால் அது 100, 200 மில்லிசெக்கன்ட் வரைக்கும், சிலவேளை அதற்கு மேலேயும் போகும். ஐபோன் வைச்சிருக்கிறவன் 'பேர்ஃபெக்ற்', மற்றவன் 'மிஸ்'. தாமதத்தை அளந்து சரிக்கட்டுகிற ஒரு பகுதியை முதலிலேயே வைக்கவேணும். அது ஒரு சின்னத் தொழில்நுட்ப விசயமாகத் தெரியும். எனக்கு அது ஆர் உள்ளே வரலாம், ஆர் வாசலில் நிக்கவேணும் என்ற கேள்வி.

எழுத்தும் அப்படித்தான். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னுக்கு, கால் பின்னுக்கு, 'க' நடுவில். காசில்லாமல் கிடைக்கிற 'கொடோ' என்ற கேம் செய்யும் சொஃப்ட்வெயாரின் மூன்றாம் பதிப்புக்கு இந்த ஒழுங்கு தெரியாது. தமிழ் சிதறித்தான் வரும். 2023 மார்ச்சில் வந்த நாலாம் பதிப்பில்தான் எங்கட எழுத்து ஒழுங்காக வரத் தொடங்கினது. ஆரோ உட்கார்ந்து அதைச் செய்தபடியால் வந்தது. "முதல்ல இங்கிலீசில செய்வம், பிறகு தமிழ்ப்படுத்துவம்" என்று சொல்கிறவர்களுக்கு இனி இந்தச் சாட்டும் இல்லை.

எங்கட கேமில் விளையாடுகிறவர் மத்தளக்காரர். களரியில் ஒரு ஆட்டக்காரர். புள்ளி உருண்டு வராது. அவருடைய காலைப் பார்க்கவேணும். நீங்கள் அவசரப்பட்டால் அவர் தடுமாறுவார். இழுத்தால் பிற்பாட்டுக்காரர் பாட்டை விடுவினம். தாளத்தை விடாமல் நீங்கள் கொஞ்சம் விளையாடினால் அவரும் உங்களோடு விளையாடுவார். புள்ளிக் கணக்கு இல்லை. கூத்து விடியும்வரைக்கும் போச்சுதா, இல்லையா என்பதுதான் கணக்கு. இது சந்தையில் ஓடுமா? எனக்குக் கவலை இல்லை. நல்ல பேர் வாங்கின இசை விளையாட்டான 'ஹை ஃபை ரஷ்' 2023 இல் வந்தது. அடுத்த வருசமே அதைச் செய்த ஸ்ரூடியோவை மைக்ரோசொஃப்ற் மூடினது. சந்தைக்குப் பின்னால் ஓடினவர்களையே சந்தை இப்படி நடத்துகிறபோது, நாங்கள் ஏன் முதல் நாளிலேயே அதற்குப் பயப்படவேணும்?

பறை ஒரு 'ஸ்கின்' இல்லை

மூன்றாவது ஆள் சொன்னதில் எனக்கு ஆகக் கோபம் வந்த சொல் 'பறையை வைச்சு'. ஏதோ அலுமாரியில் கிடக்கிற சாமான் மாதிரி.

வடக்கிலும் கிழக்கிலும் சாவீட்டில் பறை அடிக்கவேணும் என்று ஒரு சமூகத்தின் தலையில் சாதி கட்டாயமாகச் சுமத்தினது. அந்தக் கட்டாயத்தை எதிர்த்து, "இனி அடிக்கமாட்டம்" என்று மேளத்தைக் கீழே வைச்ச குடும்பங்கள் இருக்கு. அது கலை அழிஞ்ச கதை இல்லை, மனிசர் நிமிர்ந்த கதை. இன்னொரு பக்கம், அதே பறையைத் தங்கட கலையாக, தலைநிமிர்வோடு அடிக்கிறவர்களும் இருக்கினம். மட்டக்களப்பில் பறைமேளக் கூத்து இருக்கு. இரண்டும் அவரவரின் முடிவு. இந்த வரலாற்றின் ஒரு வரியையும் படிக்காமல், கேட்காமல், "பறைச் சத்தம் மாஸா இருக்கும்" என்று போனில் பதிஞ்சு கேமுக்குள் போடுகிறது, அவர்களிடம் மூன்றாவது முறையும் கூலியில்லாத வேலை வாங்குகிறதுதான்.

ஒரு போட்டிக்கு விண்ணப்பிக்கப் போனோம். எது என்று சொல்லவேண்டாம். அவர்கள் மட்டும் இப்படியில்லை. 'பாரம்பரியத்தைப் பாதுகாக்கும் இளைஞர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். படிவத்தில் சின்ன எழுத்தில், தெரிவானால் கேமின் எல்லா உரிமையும் ஏற்பாட்டாளர்களுக்கு என்று இருந்தது. குழுவுக்கு ஒரு 'லீடர்' பெயர் போதுமாம். மத்தளம் அடிச்ச அண்ணாவியாரின் பெயரை எழுத ஒரு பெட்டியும் இல்லை. கூத்துக்குப் பக்கத்தில் பறைக்கும் ஒரு பகுதி இருக்கு என்று நாங்கள் சொன்னதைக் கேட்ட ஒருவர், மிகவும் மரியாதையாக, "பறையை எடுத்துப்போட்டு மிருதங்கத்தைப் போட்டால் எல்லாருக்கும் பொருந்தும்" என்றார். எல்லாருக்கும் எண்டால் ஆருக்கு? படிவத்தைத் திருப்பிக் குடுத்துப்போட்டு வந்தோம்.

கூத்தை மட்டும் புனிதமாக்கவும் நான் வரவில்லை. கூத்துக்குள் சாதி இருக்கு. பெண் பாத்திரத்தைக்கூட ஆம்பிளைகளே ஆடி வந்த மரபு அது. எங்கட குழுவில் தாளத்தைப் பிடிக்கிறதில் ஆகக் கெட்டிக்காரி ஒருத்தி. கேமுக்குள் அவள் மத்தளக்காரி. வெளியில் எத்தனை களரியில் அவளுக்கு மத்தளத்தைத் தூக்கிக் குடுப்பினம்? கேம் செய்கிற நாங்கள் இந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் செய்யவேணும். இல்லாட்டி அது அருங்காட்சியகம்.

இப்படி ஒரு கலையை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகிற வேலையை எங்களுக்கு முன்னமே செய்தவர்கள் இருக்கிறார்கள். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், சி. மௌனகுரு போன்ற மாணவர்களோடு சேர்ந்து, விடிய விடிய ஆடின கூத்தைச் சுருக்கி 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடையேற்றினார். படிச்ச சனம் கூத்தைத் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். அதே நேரம் வட்டக்களரி ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற மேடையாச்சு, இரவு சில மணித்தியாலமாச்சு. பிறகு மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊராரும் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் வேறு வழியில் போனது: கூத்தை ஊரிலிருந்து பெயர்க்காமல், ஆடுகிற சனத்தோடு இருந்து கதைச்சு, சாதியும் பெண்ணும் பற்றின பகுதிகளைக் கேள்வி கேட்டு மாற்றுறது. இந்த இரண்டையும் படிக்காமல் ஆர்ட்ஸ் ஃபக்கல்ற்றிக்காரர் ஒருவர் கூத்துக் கேம் செய்ய வெளிக்கிட்டால் அது சோம்பல். ஊடகம் மாறும்போது எதையாவது வெட்டத்தான் வேணும். எதை வெட்டுறது என்று ஆர் முடிவு செய்யிறது, அந்த நேரம் கூத்துக்காரர் அறைக்குள் இருந்தாரா என்பதுதான் கேள்வி.

நட்புக்குள்ள காசு கதைக்கிறது

"நாங்கள் பிரெண்ட்ஸ்தானே, பிறகு பார்ப்பம்." எத்தனை குழுவை இந்த வசனம் உடைச்சிருக்கு என்று கம்பஸில் நாடகம் போட்ட ஆரிடமும் கேட்டுப் பாருங்கோ. நட்புக்குள் காசைக் கதைக்கக்கூடாது என்று சொல்கிறவர் பெரும்பாலும் பேரும் காசும் தன் பக்கம் வரும் என்று தெரிஞ்சவர். எங்கட குழுவில் ஒரு பக்கத்தில், தமிழில் எழுதி வைச்சிருக்கிறோம். அஞ்சு பேருக்கும் சம பங்கு. வெளியில் போகிறவரின் பெயர் அழியாது. வாசிச்சவரின் ஒலி வாசிச்சவருக்கே சொந்தம். நாங்கள் பாவிக்க அனுமதி மட்டும் வாங்கியிருக்கிறோம். அவர் வேண்டாம் என்றால் எடுத்துப்போடவேணும். வருமானம் வந்தால் அவருக்கும் பங்கு. வராவிட்டாலும் அவர் வந்த நாளுக்குக் கூலி. பெயர் முதல் திரையில், எங்கட பெயர்களோடு ஒரே அளவில். கடைசியில் ஓடுகிற 'நன்றி' பட்டியலில் இல்லை.

"பேசாமல் சினிமாப் பாட்டைப் போடுங்கோவன், ஆக்கள் வருவினம்" என்றும் சொல்கிறார்கள். உரிமை இல்லாமல் போட்டால் களவு. உரிமை வாங்கிப் போட்டாலும் அது உங்கட கையில் நிக்காது. 2015 இல் வந்த 'கிட்டார் ஹீரோ லைவ்' என்ற பதிப்பில் விளையாடக் கிடந்த 484 பாட்டில், 2018 டிசெம்பரில் சேர்வரை நிப்பாட்டினதும் மிஞ்சினது 42. காசு குடுத்து வாங்கினவனுக்கே அந்தக் கதி. மற்றப் பக்கம் 'வெண்பா'வைப் பாருங்கோ. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. டொரண்டோவில் ஒரு சின்னக் குழு செய்து 2023 இல் வெளியிட்டது. சமைக்கும்போது ரேடியோவில் போகிற பாட்டுகள் அந்தந்தக் காலத்துத் தமிழ்ச் சினிமாப் பாட்டு மாதிரியே இருக்கும். ஆனால் எல்லாம் அந்தக் கேமுக்கென்றே புதிதாக எழுதிப் பாடினவை. அடுத்த வருசம் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு அதுதான். தமிழில் கேம் செய்தால் ஆர் பார்ப்பான் என்ற கேள்விக்கும் அதுக்குள்ள பதில் கிடக்கு.

கேம் ஒரு கூத்துக்குப் பதிலாகாது. எங்கட கேமை விளையாடின ஒருவர் அடுத்த பங்குனியிலோ சித்திரையிலோ ஒரு களரிப் பக்கம் போய், மத்தளக்காரரின் கையை விட்டுப்போட்டு ஆடுகிறவரின் காலைப் பார்க்கத் தொடங்கினால் எனக்கு அது போதும்.

ஆகவே கேம் செய்ய யோசிக்கிற ஆக்களுக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பெரிய கேமை யோசிக்காதேங்கோ. ஒரு நிமிசம் விளையாடக்கூடிய ஒன்றைச் செய்யுங்கோ. சொஃப்ட்வெயாரைத் திறக்கிறதுக்கு முன்னம் மேசையில் தட்டிப் பாருங்கோ. வாசிக்கத் தெரிஞ்ச ஒருவரிடம் போங்கோ. போகும்போது போனையும் கொண்டு போங்கோ, ஒப்பந்தத் தாளையும் கொண்டு போங்கோ. அவர் வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லிப்போட்டு வாங்கோ. பங்கை முதல் நாளே எழுதுங்கோ. பிறகு ஆராவது வந்து, "சூப்பர் மச்சான், பறையை வைச்சு..." என்று தொடங்கினால், ஆரின்ர பறை என்று கேளுங்கோ.